லூப்பை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது

நடன அரங்குகளுக்கென்றே உருவாக்கப்படும் ஹவுஸ், டெக்னோ இசையில் தொடக்கத்திலும் முடிவிலும் பெரும்பாலும் 32 பீட்டோ 64 பீட்டோ வெறும் தாளம் மட்டுமே ஓடும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற டிஜேவுக்கு வேண்டிய இடம் அதுவே. திரைப்பாடல்கள் அப்படி அமைக்கப்படுவதில்லை. பல பாடல்களில் சில விநாடித் தொடக்க இசை முடிந்ததுமே பல்லவி வந்துவிடும். இறுதியிலும் சட்டென்று நின்றுவிடும். இத்தகைய இரண்டு பாடல்களை இணைக்க நேரமே கிடைப்பதில்லை. அந்த நேரத்தை உண்டாக்கித் தருவதே, பாடலின் ஒரு சிறு பகுதியை இடைவிடாமல் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பின் முதல் பயன். மற்ற வித்தைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

லூப் பொத்தான் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு டர்ன்டேபிள்களில் வைத்து, ஆடுவோர் மிகவும் விரும்பிய தாளப் பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அந்தப் பகுதி தொடங்கும் இடத்தை இசைத்தட்டின் மேலேயே வண்ணக் குச்சியால் குறித்துவைத்தார். இன்று நாம் ஹாட் கியூ இடுவதும், அதாவது ஒரு பொத்தானை அழுத்தியதும் பாடல் குறித்த இடத்துக்குத் தாவும்படி அடையாளம் வைப்பதும், அதே வேலைதான். அதை மேடையில் நின்று செய்யாமல் வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, டிராக்டர் என எந்த டிஜே மென்பொருளைப் பயன்படுத்தினாலும், பீட் விழும் இடங்களைக் காட்ட அது பாடலின் மேல் வரைந்து தரும் கோடுகளை, அதாவது பீட் கிரிட்டை, அப்படியே நம்பிவிடக் கூடாது. தாளச் சுற்றின் சமம், அதாவது முதல் பீட், விழும் இடத்தைக் காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அழுத்தலை அருகிலுள்ள பீட்டுக்கு நகர்த்தும் குவான்டைஸ் வசதி இயக்கத்தில் இருந்தால், பொத்தானை இம்மியளவு முன்பின்னாக அழுத்தினாலும் லூப் கிரிட்டின் கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோடே பிசகியிருந்தால் லூப்பும் பிசகும். 1970, 80களின் பாடல்கள் பெரும்பாலும் இசைக்கலைஞர்கள் கூடி வாசித்துப் பதிவானவை என்பதால், அவற்றின் வேகம் பாடலுக்குள்ளேயே சற்றுக் கூடியும் குறைந்தும் செல்லும். அங்கே 16 பீட்டைவிட 4 பீட் லூப்பே பாதுகாப்பானது. அதன் முனைகளையும் கையால் நகர்த்திப் பொருத்த வேண்டியிருக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு திருமண வரவேற்பில், பல்லவி முடிந்த கையோடு நான் லூப்பைப் பிடித்தேன். பாடகியின் கடைசி எழுத்தின் எதிரொலி உள்ளே சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஓர் 'ஆ' அரைகுறையாக எழுந்து அறுந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று மேடையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து, குரல் ஓய்ந்து தாளம் ஒரு முழுச் சுற்று கடந்த பிறகே லூப்பின் தொடக்கத்தைக் குறிக்கிறேன். மெட்டு இல்லாமல் தவிலோ டிரம்ஸோ தனித்து ஒலிக்கும் இடையிசை கிடைத்தால் அதைவிடச் சிறந்த இடம் வேறில்லை.

120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) வேகத்தில் ஒரு பீட் அரை விநாடி. எனவே 16 பீட் லூப்பின் ஒரு சுற்றுக்கு 8 விநாடி ஆகும். முதல் சுற்றில், ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொடாமல், அடுத்த பாடலை ஹெட்போனில் கேட்டுத் தாளத்துக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றின் சமத்தில், பாஸை (அடித்தள ஒலியை) முழுவதும் இறக்கிய நிலையில் அந்தப் புதிய பாடலைத் தொடங்கி, ஃபேடரை மெல்ல உயர்த்துங்கள். மூன்றாம் சுற்றின் முதல் பீட்டில் பழைய பாடலின் பாஸை இறக்கிப் புதியதன் பாஸை ஏற்றுங்கள். இரண்டு பாஸும் சேர்ந்து ஒலித்தால் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலே மிஞ்சும். புதிய பாடலின் தொடக்க இசை 16 பீட் நீளமுடையது என்றால், பாஸ் மாறும் அதே கணத்தில் பல்லவியும் எழும். அதற்கு அடியில் வெறும் தாளம் மட்டுமே ஓடுவதால் எதுவும் மோதாது. தொடக்க இசை 12 பீட்தான் என்றால் நான்கு பீட் தாமதித்துத் தொடங்குங்கள். நான்காம் சுற்று முடிவதற்குள் பழைய பாடலை முழுவதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் நீட்டினால் ஆடுவோர் சலிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

குத்துப் பாடல்களுக்குத் தனிக் கவனம் தேவை. அவற்றுள் பல திஸ்ர நடையில் அமைந்தவை. ஒரு பீட்டுக்குள் 'தகிட' என மூன்று அடிகள் விழும். லூப்பைப் பாதியாக்கும் பொத்தான் 4, 2, 1 பீட் வரை அங்கே சரியாகவே உழைக்கும். அரை பீட்டுக்கு வந்ததும் மூன்றடி நடை நடுவில் முறிந்து தாளம் நொண்டும். எனவே ஒரு பீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அல்லது கருவியில் மூன்றில் ஒரு பீட் அளவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்படிப் படிப்படியாகச் சுருக்குவது கூட்டத்தின் எதிர்பார்ப்பை ஏற்றுவதற்கு நல்ல வழி. பல்லவி திரும்பும் இடத்துக்குச் சரியாக 16 பீட் முன்பு, ஸ்லிப் முறையை இயக்கிவிட்டு 8 பீட் லூப்பை ஒருமுறை, 4 பீட்டை ஒருமுறை, 2 பீட்டை ஒருமுறை, 1 பீட்டை இருமுறை ஓட்டுங்கள். ஸ்லிப் முறையில், லூப் ஒலித்துக்கொண்டிருக்கும்போதும் பாடல் உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும்; ஆகவே கடைசிச் சுற்றை விட்ட கணத்தில், பல்லவியின் முதல் சொல் தனக்குரிய பீட்டிலேயே வந்து விழும்.