விசிறி அரைச் சுற்றில் நின்ற கணினி

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பிய ஒரு மாலை, எங்கள் பழைய மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியதும் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு போய்விட்டது என்று பக்கத்து வீட்டு அண்ணன் உடனே தீர்ப்பளித்தார். போர்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால், அதாவது கணினி அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்துகொண்டிருந்ததால், எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

ஒரேயொரு ராம் (நினைவகத் தகடு) தவிர மற்றவற்றையெல்லாம் கழற்றிப் பார்த்தும் மாற்றமில்லை. பிறகு கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையின் 24 முள் இணைப்பைப் போர்டிலிருந்து பிரித்து, அது தனியே இயங்குவதற்காகப் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் காகிதக் கவ்வியால் இணைத்து, சுமைக்காகப் பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மாட்டி, 12 வோல்ட் தர வேண்டிய மஞ்சள் கம்பியை மல்டிமீட்டரால் அளந்தேன். குறைந்தது 11.4 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 10 வோல்ட்டுக்கும் குறைவாகவே இருந்தது. காற்றுத் துளை வழியே டார்ச் அடித்தபோது, தலை உப்பிப் பழுப்பு நீர் கசிந்த கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) தெரிந்தது. பவர் சப்ளைப் பெட்டியை நான் திறக்கவில்லை. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

வேறு பவர் சப்ளை மாட்டியதும் திரை வந்தது, ஆனால் தேதி பின்னோக்கிப் போயிருந்தது. தேதியைக் காக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரியையும் மாற்றி, துவக்க வரிசையில் வன்தட்டை முதலில் வைத்ததும் விண்டோஸ் ஏறியது.