நினைவாற்றல் சோதனைக்கு முன் காதைப் பாருங்கள்

பெரியவர்களை நினைவாற்றல் சோதனைக்கு அழைத்துப் போவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் காதைக் காட்டி, குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சோதனையன்று படிக்கும் கண்ணாடியும், புது பேட்டரி போட்ட காது கேட்கும் கருவியும் கட்டாயம் கையோடு இருக்கட்டும்.

பரவலாகச் செய்யப்படும் ‘மோகா’ (MoCA) என்ற நினைவாற்றல் சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். அதில் 5 சொற்களை வாசித்துக் காட்டி, சுமார் 5 நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். காதில் சரியாக விழாத சொல் மனதில் எப்படிப் பதியும்? படத்தில் இருப்பது என்ன விலங்கு என்று சொல்லவும், கடிகாரம் வரையவும் கண் தெரிய வேண்டும். காது மந்தமும் பார்வைக் குறையும் மறதி போலவே மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்; பாவம், இல்லாத நோய்க்கு அவர்கள் பயந்து கிடப்பார்கள்.

பட்ஸ் போட்டுக் குடைய வேண்டாம், குறும்பி இன்னும் உள்ளே போய் இறுகிவிடும். காதில் சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ வீட்டில் எண்ணெயோ சொட்டு மருந்தோ விடக் கூடாது.

சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் இந்தக் குறிப்பு பொருந்தாது. தொற்று, பக்கவாதம், மருந்தின் விளைவு என எதுவாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.