லிஃப்ட் சுவரை மறந்த கணக்கு: நிலநடுக்க விசையைப் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் பொறியாளர்களின் கணினிக் கட்டட மாடலைத் திறக்கும்போதெல்லாம் என் பழைய தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. ஐ.எஸ். 1893 (நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்திய விதிநூல்) 2016 பதிப்பின்படி சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலம், அதன் மண்டலக் காரணி 0.16 என்பதை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். பேஸ் ஷியர், அதாவது கட்டடத்தின் அடியில் வரும் மொத்தப் பக்கவாட்டு விசை, கிடைத்த பிறகு அதைப் பிரிக்கும்போதுதான் சறுக்கல்.

மாடிகளுக்குச் சமமாகப் பிரிப்பது

ஐ.எஸ். 1893 கேட்பது எடையையும் உயரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய விகிதம். எடை ஒன்றே என்றாலும், பாதி உயரத்தில் இருக்கும் தளத்துக்கு உச்சித் தளத்தின் கால் பங்குதான் வரும்.

லிஃப்ட் சுவரை வெறும் எடையாக வைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். அந்த விதிநூலின் 2002 பதிப்பை வைத்து வேலை செய்த காலம். ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளம்) நாலு மாடியும், நீளம் 20 மீட்டர். லிஃப்ட் சுவர் பின்கோடியில். அதன் எடையை மட்டும் கொடுத்துவிட்டு, விசையைத் தூண்களுக்குப் பிரித்துவிட்டேன். வரைபடம் சைட்டுக்குப் போய், கம்பியும் வெட்டியாயிற்று. சரிபார்த்த மூத்தவர் கேட்டார்: "தம்பி, இந்தச் சுவரைச் செங்கல்லுலயா கட்டப்போறாங்க?"

கான்கிரீட் சுவர். தளம் விறைப்பான தட்டு. எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளும்போது, விறைப்பு அதிகமுள்ளதுதான் அதிக விசையை வாங்கும். விறைப்பு மையம் (தூண், சுவர்களின் விறைப்புக்கு நடுப்புள்ளி) சுவர்ப் பக்கம் நகர்ந்திருந்தது, நிறை மையம் (எடையின் நடுப்புள்ளி) நடுவில். இடைவெளி 6 மீட்டர். நிலை முறையில் (நிலநடுக்கத்தை நிலையான பக்கவாட்டு விசையாக எடுக்கும் கணக்கில்) அதை ஒன்றரை மடங்காக்கி, நீளத்தில் 5 சதவீதம் கூட்ட வேண்டும்: 9 + 1, ஆக 10 மீட்டர். 6-இல் 1 கழித்து 5 மீட்டருக்கும் பார்த்து, ஒவ்வொரு தூணுக்கும் எது பாதகமோ அதை எடுக்க வேண்டும். கட்டடம் அந்தச் சுவரைச் சுற்றி முறுகும். நான் சன்னமாக வைத்த தெருப்பக்கத் தூண்கள்தான் அதிகம் நகரும். எதிர்க்கோடியில் இன்னொரு சுவர் வைத்து, அஸ்திவாரத்தை மாற்றி, வெட்டிய கம்பியில் பாதியைக் கழித்தோம்.

கட்டடக் கணக்குப் போடும் மென்பொருளான "ஈடேப்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். நீங்கள் கொடுக்காத சுவரை அது எப்படிப் பார்க்கும்?

சுவரைத் தளத்தோடு கட்டாமல் விடுவது

26 ஜனவரி 2001, குஜராத் நிலநடுக்கம், அகமதாபாத். சில அடுக்குமாடிகளில் வீடுகள் சரிந்தன, லிஃப்ட் சுவர் தனியே நின்றது. தளத்துக்கும் சுவருக்கும் பிடிப்புப் போதவில்லை. படிக்கட்டுத் திறப்பும் டக்ட்டும் (குழாய்கள் போகும் திறப்பு) சுவரைச் சூழ்ந்திருந்தால், விசை போக எத்தனை அடி தளம் மிச்சம் என்று அளந்து பாருங்கள்.

மொட்டைமாடி லைவ் லோடு

ஆட்கள், பொருட்களால் வரும் இந்தச் சுமையை நிலநடுக்க எடையில் சேர்க்க வேண்டாம்.

முதல் மோடைப் பார்க்காமல் கம்பி போடுவது

முதல் மோடே, அதாவது கட்டடம் இயல்பாக ஆடும் முதல் விதமே, முறுகலாக இருந்தால், கம்பியைத் தொடாமல் ஆர்க்கிடெக்டிடம் போங்கள்.