டிசம்பர் டீம் டின்னர்: கடைசியாக வீடு போகிறவரிலிருந்து திட்டம் போடுங்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், "இந்த வருஷம் டின்னர் எங்கே?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பொறுப்பு டீமில் ஒருவர் தலையில் வந்து விழும். இந்த முறை அது உங்கள் தலை என்றால் இதைப் படியுங்கள். சென்னையில் 20, 25 பேர் உள்ள டீம்களுக்குச் சில வருடங்கள் இதை ஏற்பாடு செய்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். 200 பேர் விழா வேறு கதை, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

எல்லாரும் முதலில் இடம் தேடுவார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு மொட்டைமாடி ரெஸ்டாரன்ட்டின் படம் வரும், குரூப்பில் போடுவார்கள், பத்து பேர் நெருப்பு எமோஜி போடுவார்கள், முடிந்தது. அப்படிச் செய்யாதீர்கள். முதலில் ஒரு தாளில் டீமில் யார் யார் வீடு எங்கே என்று எழுதுங்கள். ஆபீஸ் சோழிங்கநல்லூரில், டின்னர் நுங்கம்பாக்கத்தில், ஒருவர் வீடு ஆவடி, இன்னொருவர் மறைமலை நகர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு என்று சொன்ன டின்னரில் ஸ்டார்ட்டர் வர எட்டே முக்கால் ஆகும், கேக் வெட்டி, மேனேஜர் பேசி, மெயின் கோர்ஸ் வரும்போது பத்தேகால். மெட்ரோ இரவு 11 மணியோடு முடிந்துவிடும். மறைமலை நகர் பெண் பத்து மணிக்கே போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார், அதற்கு அப்புறம் அவருக்கு எந்தச் சாப்பாடும் ருசிக்காது. கடைசியாக வீடு போய்ச் சேருகிறவர் யாரோ, அவருக்கு ஒத்துவரும் இடமும் நேரமும்தான் டீமுக்கு ஒத்துவரும் இடமும் நேரமும். நான் சொல்ல வந்ததில் பாதி இதுவே.

அந்தக் கணக்கில் பார்த்தால் கிண்டி பல டீம்களுக்கு நல்ல நடுமையம். மெட்ரோவும் மின்சார ரயிலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில், நட்சத்திர ஓட்டல்களும் அங்கேயே இருக்கின்றன. ஈசிஆரில் கடற்கரை ஓரம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கம்பெனி வேன் ஏற்பாடு இல்லாமல் அங்கே போகவே போகாதீர்கள்.

இன்னொன்று, ராத்திரிதான் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மதிய சாப்பாடாக வைத்தால் பாதிப் பிரச்சினை வரவே வராது. வார நாள் மதிய பஃபே ராத்திரியைவிடப் பெரும்பாலும் விலை குறைவு, சின்னக் குழந்தை உள்ளவர்கள் வருவார்கள், கேப் பற்றிய பயம் இல்லை, நாலு மணிக்கு எல்லாரும் வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிடலாம். எட்டு பத்து பேர் உள்ள சின்ன டீம் என்றால் டிசம்பர் மாதத்துக்கே உரிய சபா கேன்டீன் ஒன்றுக்கு மதியம் போய்ப் பாருங்கள். மயிலாப்பூர், டிடிகே சாலைப் பக்கம் மார்கழி சீசனில் இலை போட்டுப் பரிமாறுவார்கள், கச்சேரி டிக்கெட் இல்லாமலே சாப்பிடலாம். எங்கள் டீமில் வடக்கிலிருந்து வந்த இரண்டு பேர் எந்த ஸ்டார் ஓட்டலையும்விட அதைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது தேதி. டிசம்பர் முதல் வாரத்தைத் தொடாதீர்கள். 2015 வெள்ளம் டிசம்பர் 1ஐ ஒட்டி வந்தது, 2023இல் மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் ஊரை மூழ்கடித்தது. அந்த வாரத்தில் புக் செய்து அட்வான்ஸ் கட்டியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். 20ஆம் தேதிக்கு மேல் போனால் நாகர்கோவில், தூத்துக்குடிக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், யாருடைய பண்டிகையை ஒட்டி விருந்து வைக்கிறோமோ அவர்களே இல்லாமல் நடக்கும். 31 வேண்டவே வேண்டாம், மேம்பாலங்களை மூடுவார்கள், ஊரெல்லாம் போலீஸ் சோதனை, விலையும் தாறுமாறு. ஆக 9 முதல் 19 வரை. அதிலும் செவ்வாய், வெள்ளி, சனி அசைவம் சாப்பிடாதவர்கள் நிறைய, வியாழனும் சிலருக்கு உண்டு. எனக்கு எப்போதும் கைகொடுத்தது புதன்கிழமை. புதன் என்றால் ஓட்டல்களும் ஓரளவு காலியாக இருக்கும், விலை பேச முடியும். டிசம்பரில் முடியவில்லை, ஜனவரிக்குத் தள்ளலாம் என்றால் திருவள்ளுவர் தினமும் 26ஆம் தேதியும் மது விற்பனைக்குத் தடை உள்ள நாட்கள், தைப்பூசத்தன்று வரும் வடலூர் இராமலிங்கர் நினைவு நாளும் அப்படியே.

இனி சாப்பாடு. இதில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன்.

ஒரு வருடம் கிண்டிப் பக்கம் ஒரு ஓட்டலில் பதினெட்டுப் பேருக்கு புக் செய்திருந்தேன். வெஜ் எத்தனை, நான்வெஜ் எத்தனை என்று கேட்டு வைத்தேன், அதோடு சரி. டீமில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், தாடி. நாங்கள் அவரைத் தினமும் 'சாமி' என்றுதான் கூப்பிட்டோம், ஆனாலும் புக் செய்யும்போது அவர் என் நினைவுக்கு வரவில்லை. ஒரே தட்டில் ஒரு பக்கம் பன்னீர், மறு பக்கம் சிக்கன் என்று வெயிட்டர் நீட்டிக்கொண்டே போனார். சாமி தட்டில் நாலு வெள்ளரித் துண்டும் ஒரு எலுமிச்சைத் துண்டும். "சாப்பிடலையா சாமி?" என்றதற்கு, "பரவால்ல சார், வீட்ல போய் பாத்துக்கறேன்" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

அதனால் இப்போதெல்லாம் குரூப்பில் கேட்பதில்லை, ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புகிறேன், இதே வார்த்தைகளில்: "17ஆம் தேதி டின்னர். சைவமா அசைவமா? மாலை, விரதம் ஏதாவது உண்டா? ஹலால் வேண்டுமா? வெங்காயம் பூண்டு சேர்ப்பீர்களா? அலர்ஜி ஏதும் இருக்கிறதா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எப்படிப் போவீர்கள்?" குரூப்பில் கேட்டால் தனக்காக ஒரு சமையல் என்று சொல்லப் பலருக்குக் கூச்சம், எல்லாரும் 'எதுவானாலும் ஓகே' என்பார்கள். தனியாகக் கேட்டால் உண்மை வரும். கார்த்திகை ஒன்றாம் தேதியே மாலை போடத் தொடங்கிவிடுவார்கள், மண்டல பூஜை வரை, சிலர் மகரவிளக்கு வரை விரதம் இருப்பார்கள், ஆக நீங்கள் எந்தத் தேதி வைத்தாலும் டீமில் ஒரு சாமி இருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அசைவம் சமைக்கும் அடுப்படிச் சாப்பாட்டையே தொடாதவராக இருந்தால், ஓட்டலில் முன்கூட்டியே பேசிப் பழம், இளநீர், முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பு வகை தனித் தட்டில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது அவரிடமே "உங்களுக்கு எது வசதி?" என்று கேளுங்கள். முடியுமானால் மேசைக்கு ஒரே தட்டு என்று வைக்காமல் சைவ ஸ்டார்ட்டரைத் தனித் தட்டில், தனி இடுக்கியோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்கத்தான் வேண்டும்.

20 பேர் தாண்டினால் மெனு கார்டைக் கையில் கொடுத்து ஆளுக்கொன்று ஆர்டர் செய்வது வேண்டாம், ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போது இன்னொருவருக்கு வரும். பஃபே அல்லது முன்னாலேயே முடிவு செய்த செட் மெனு. கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஓட்டலில் உள்ள அவர்தனா மாதிரி இடங்கள் அருமையானவை, தென்னிந்தியச் சமையலை ஒவ்வொரு சின்னத் தட்டாக 7 முதல் 13 வரை வரிசையாகக் கொண்டுவருவார்கள், ஆனால் அது நாலு பேர் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுகிற விஷயம், ப்ராஜெக்ட் முடித்த சின்ன டீமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராயப்பேட்டை அமேதிஸ்ட் மாதிரித் தோட்டமுள்ள இடம் மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் அழகு, மழை நாளில் உள்ளே இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

இப்போது பணம். ஓட்டலில் போன் எடுப்பவரிடம் பேசாதீர்கள், பேங்க்வெட் மேனேஜரிடம் பேசுங்கள், பேசியதை மெயிலில் வாங்குங்கள். "தலைக்கு 1,800, பிளஸ் டாக்ஸ்" என்பார். அந்த 'பிளஸ்' தான் பட்ஜெட்டைக் கவிழ்க்கும். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருந்தால் 18. இருபது பேருக்கு 36,000. அதில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் 39,600. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 46,728. தலைக்கு 1,800 என்று அப்ரூவல் வாங்கியவர் கையில் 2,336 ரூபாய் பில் வந்து நிற்கும். சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பேசும்போதே "சர்வீஸ் சார்ஜ் வேண்டாம், டிப்ஸ் நாங்களே தருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள், சொன்னபடி நல்ல டிப்ஸும் கொடுங்கள், இருபது பேருக்கு ஓடி ஓடிப் பரிமாறுகிறவர்கள் அவர்கள். அப்புறம் மினிமம் கியாரண்டி. 20 என்று சொல்லி 15 பேர் வந்தாலும் 20க்குக் கட்ட வேண்டும். டிசம்பரில் கடைசி நேரத்தில் இரண்டு மூன்று பேருக்காவது காய்ச்சல் வரும், வருபவர்கள் 20 என்றால் கியாரண்டியை 17 என்று சொல்லுங்கள். புயல் வந்தால் தேதி மாற்றலாமா, அட்வான்ஸ் என்னாகும் என்பதையும் அதே மெயிலில் எழுதி வாங்குங்கள். பில் கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு வேண்டும் என்றால் பில் அடிப்பதற்கு முன் சொல்ல வேண்டும்.

மது விஷயம் வெளிப்படையாகப் பேச வேண்டியது. பெங்களூருவில் பார்க்கிற மாதிரி தெருவுக்குத் தெரு ப்ரூவரியை இங்கே தேடாதீர்கள். தமிழ்நாட்டில் பார் உரிமம் பெரும்பாலும் தங்கும் அறைகள் உள்ள ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான், தனி ரெஸ்டாரன்ட் எவ்வளவு ஸ்டைலாக இருந்தாலும் பெரும்பாலும் மாக்டெயில் மட்டுமே. குடிக்கச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும், பி.எஸ்சி. முடித்து நேராகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு 20தான் இருக்கும், அவர்களிடம் கிளாஸை நீட்டாதீர்கள். மதுவுக்குத் தனி பில் போடச் சொல்லுங்கள், அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி வேறு, பல கம்பெனிகள் அந்தப் பணத்தைத் தரவும் மாட்டா. குடிக்காதவர் மேல் அந்தச் செலவில் ஒரு ரூபாயும் விழக் கூடாது. "ஒரு பெக்தானே, எனக்காக" என்று வற்புறுத்துகிறவர் எந்தப் பதவியில் இருந்தாலும் "விடுங்க சார், அவருக்கு ஃபிரெஷ் லைம் சொல்லிட்டேன்" என்று நீங்கள் இடையில் போக வேண்டும். ஏற்பாடு செய்பவரால் மட்டுமே அதை முகம் கோணாமல் செய்ய முடியும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தமாகப் போகும் இடத்தையும் கம்பெனி வண்டியையும் பணியிடமாகவே பார்க்கிறது. வெளியில்தானே இருக்கிறோம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

உட்காரும் இடம், ஒரே நீள மேசை வேண்டாம், நடுவில் மேனேஜர் உட்கார்ந்து இரண்டு ஓரங்களும் செத்துப்போகும். ஆறு எட்டு பேர் உட்காரும் வட்ட மேசைகள் கேளுங்கள், புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில் கலகலப்பாகப் பேசுகிற ஒருவரை உட்காரவையுங்கள். சீக்ரெட் சாண்டா, பழைய ஆட்கள் சொல்லும் கிறிஸ்மா கிறிஸ்சைல்ட், வைப்பதாக இருந்தால் பரிசுக்கு 300 ரூபாய் என்று உச்ச வரம்பு போடுங்கள். படம் எடுத்தால் ஆபீஸ் குரூப்போடு நிறுத்துங்கள், கையில் கிளாஸ் இருப்பவரின் படம் அவர் மாமனார் போனில் போய் நிற்கக் கூடாது. அப்புறம், தினமும் நம் மேசையைத் துடைக்கிற ஹவுஸ்கீப்பிங் அக்காவையும் வாசல் செக்யூரிட்டி அண்ணனையும் கூப்பிட பட்ஜெட்டில் இடம் வையுங்கள். ராத்திரி வர முடியாது என்றால் மறுநாள் அவர்களுக்கு நல்ல பிரியாணி வாங்கிக் கொடுங்கள், மிச்சத்தைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

வீடு திரும்புவதை ஒன்பதரை மணிக்கே தொடங்குங்கள். குடித்தவர் வண்டியின் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே குற்றம், முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. கார் கொண்டுவந்தவருக்கு ஆக்டிங் டிரைவரை மதியமே புக் செய்யுங்கள், ராத்திரி பதினொரு மணிக்குத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பைக் ஓட்டலிலேயே நிற்கட்டும், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று செக்யூரிட்டியிடம் முன்பே பேசிவையுங்கள். ஒரே திசையில் போகிறவர்களை ஒரு கேபில் சேர்த்து, முதலில் தொலைவில் இருப்பவரின் கேபை வரவழைத்து, வண்டி எண்ணைக் குரூப்பில் போடுங்கள். தனியாகப் போகிற பெண்ணின் கேப் கிளம்பும்வரை போர்ட்டிகோவில் நில்லுங்கள். பட்டியலைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு 'ரீச்டு' என்று ஒவ்வொரு மெசேஜ் வரும்போதும் ஒரு பெயரை அடியுங்கள். மறைமலை நகர் பெயரும் அடிபட்ட பிறகு நீங்கள் படுக்கலாம்.