என்எஃப்எஸ்ஸில் லாக் தொங்குகிறதா? 'நோலாக்' போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

லினக்ஸ் சர்வரிலிருந்து ஒரு ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக மவுண்ட் செய்தாயிற்று, அதாவது நம் மெஷினில் இணைத்தாயிற்று, ஃபைல் திறக்கிறது, எழுதவும் முடிகிறது, ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் மட்டும் ஃபைலை லாக் செய்யப் போய் (வேறு யாரும் அதே நேரத்தில் எழுதாதபடி பூட்டப் போய்) அப்படியே தொங்கி நிற்கிறது, இல்லையென்றால் 'நோ லாக்ஸ் அவைலபிள்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. உடனே யாராவது மவுண்ட் ஆப்ஷனில் 'நோலாக்' சேர்க்கச் சொல்வார்கள். நானும் சேர்த்தேன், தொங்கல் போய்விட்டது. சில நாளில் இரண்டு மெஷின்கள் ஒரே எஸ்கியூலைட் (ஒற்றை ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்) ஃபைலில் ஒரே நேரத்தில் எழுதி டேட்டாபேஸே கெட்டுப்போனது. நோலாக் எதையும் சரி செய்வதில்லை. நீங்கள் போடும் லாக் உங்கள் மெஷினுக்குள்ளேயே நின்றுவிடும், பக்கத்து மெஷினுக்குத் தெரியாது.

முதலில் என்எஃப்எஸ் எந்த வெர்ஷன் என்று பாருங்கள். கிளையன்ட்டில் (மவுண்ட் செய்த மெஷினில்) 'என்எஃப்எஸ்ஸ்டாட்' கமாண்டை மைனஸ் எம் போட்டு ஓட்டினால் வெர்ஷனும் மற்ற ஆப்ஷன்களும் வரும். 4 என்றால் லாக் வேலையும் 2049 போர்ட்டிலேயே நடக்கும், பெரும்பாலும் தொல்லை இல்லை.

3 என்றால்தான் கதை. அதில் லாக் என்பது தனி ஏற்பாடு: பின்னணியில் ஓடும் இரண்டு சர்வீஸ்களில் லாக்டி லாக்கைக் கவனிக்கும், ஸ்டாட்டி யார் ரீபூட் ஆனார்கள் என்று கவனிக்கும். ஃபயர்வாலில் 111, 2049 போர்ட்டுகளையும் மவுண்ட் செய்ய உதவும் மவுண்ட்டியின் போர்ட்டையும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்போம்; லாக்டியும் ஸ்டாட்டியும் வேறு போர்ட்டில், அதுவும் ஒவ்வொரு முறை ஆரம்பிக்கும்போது மாறக்கூடிய போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் மற்றதெல்லாம் ஓடி லாக் மட்டும் தொங்குகிறது. 'ஆர்பிசிஇன்ஃபோ' கமாண்டில் மைனஸ் பி போட்டு சர்வர் பெயரைக் கொடுங்கள். பட்டியலில் 'என்லாக்எம்ஜிஆர்', 'ஸ்டேட்டஸ்' இரண்டும் வர வேண்டும். அப்புறம் சர்வரின் ஈடிசி ஃபோல்டரில் உள்ள என்எஃப்எஸ் கான்ஃப் ஃபைலில் லாக்டி, ஸ்டாட்டி பகுதிகளில் நிலையான போர்ட் எண் எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, அந்த எண்களை ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். லாக்டிக்கு டிசிபி, யுடிபி எண்கள் தனித்தனி, இரண்டையும் எழுத வேண்டும். கிளையன்ட்டிலும் ஸ்டாட்டி ஓட வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஓடாவிட்டால் மவுண்ட் கமாண்டே 'நோலாக் போடு, அல்லது ஸ்டாட்டியை ஆரம்பி' என்று யோசனை சொல்லும். இரண்டாவதைக் கேளுங்கள்.

இப்போது சோதனை. முதல் மெஷினில் 'ஃப்ளாக்' கமாண்டால் மவுண்டுக்குள் ஒரு வெற்று ஃபைலை லாக் செய்து 60 விநாடி 'ஸ்லீப்' ஓடவிடுங்கள். அதற்குள் இரண்டாவது மெஷினில் அதே ஃபைலுக்கு மைனஸ் என் போட்டு 'ஃப்ளாக்' கொடுங்கள். உடனே தோற்றுத் திரும்பினால் எல்லாம் சரி. லாக் கிடைத்துவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்: ஏதோ ஒரு பக்கம் நோலாக்கோ 'லோக்கல்_லாக்'கோ ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று, வெர்ஷன் 3இல் லாக் பிடித்திருந்த கிளையன்ட் செத்துத் திரும்பி வராவிட்டால் அந்த லாக் சர்வரில் அப்படியே கிடக்கும். அதே பெயரில் அந்த மெஷினை மறுபடி பூட் செய்தால் 'நான் ரீபூட் ஆனேன்' என்று அது சொல்லும், சர்வர் விட்டுவிடும். சர்வரையே ரீபூட் செய்தால் முதலில் சிறிது நேரம் (வழக்கமாக 90 விநாடி வரை) புது லாக் கிடைக்காது, பழையவர்கள் தங்கள் லாக்கைத் திரும்பக் கேட்பதற்கான நேரம் அது. பதறி மறுபடி ரீபூட் செய்யாதீர்கள், அந்தக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.