வீசாட்டில் புத்தாண்டு சிவப்பு உறை அனுப்ப முடியாதபோது

சீனாவின் செங்டூவில் காதலியின் வீட்டுக்குச் சீனப் புத்தாண்டுக்குப் போயிருந்தபோது, அவள் அக்கா பிள்ளைகளுக்கு வீசாட்டில் (சீனர்கள் அரட்டைக்கும் பணம் கட்டவும் பயன்படுத்தும் செயலி) சிவப்பு உறை, அதாவது புத்தாண்டு அன்பளிப்புப் பணம், அனுப்பப் பார்த்தால் போகவே இல்லை, ஆனால் அதே விசா கார்டில் நூடுல்ஸ் கடைக்குப் பணம் ஒழுங்காகப் போனது. கார்டை நீக்கிச் சேர்த்தேன், பாஸ்போர்ட் சரிபார்ப்பைத் திரும்பச் செய்தேன், நாள்கள்தான் வீண். வெளிநாட்டு கார்டு கடைக்குக் கட்டத்தான், ஆளுக்கு ஆள் அனுப்ப உதவாது.

அப்புறம் பெரிய வங்கி ஏடிஎம்மில் யுவான் எடுத்து, காகித உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தேன். அப்பாடா, வேலை முடிந்தது.

நம் மொய்போல 101 மட்டும் வைத்துவிடாதீர்கள்: அங்கே ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு, நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை, அதிலும் 4 ஆகாது. நோட்டு மடிப்பில்லாமல் புதிதாக இருக்கட்டும்; விடுமுறையில் பல வங்கி கவுண்டர்கள் மூடியிருக்கும், புது நோட்டை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.