மைக்கோரைசா ஸ்போரை வச்சு இனம் கண்டுபிடிக்கிறது எப்படி? கலரை விடுங்க, காம்பை பாருங்க

மைக்கோரைசாங்கிறது செடி வேரோட கூட்டு சேர்ந்து வாழுற பூஞ்சை, ஸ்போர்ங்கிறது அதோட வித்து. புதுசா மைக்ரோஸ்கோப் முன்னாடி உக்கார்றவங்க எல்லாரும் முதல்ல கலரைத்தான் பார்ப்பாங்க, மஞ்சளா இருக்கே இது அதுவா இருக்குமோன்னு போட்டோவோட ஒப்பிட ஆரம்பிச்சிடுவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சுத்திட்டு இருந்தேன். ஸ்போர் முத்த முத்த கலர் மாறும், அதனால பேர் வைக்க கலர் மட்டும் பத்தாது. (இங்க சொல்றது வேர் செல்லுக்குள்ளயே போய் மரம் மாதிரி கிளைக்கிற ஆர்பஸ்குலர் வகை மட்டும்தான், பைன் மர வேர்ல வர்ற காளான் வகை வேற கதை.)

முதல்ல மண்ணுலருந்து ஸ்போரை பிரிக்கணும். ஒரு 50, 100 கிராம் மண்ணை தண்ணில நல்லா கலக்கி, கனமான மணல் அடில தங்க சில நொடி விட்டுட்டு, மேல் தண்ணியை சல்லடைல ஊத்துங்க, மேல 500 மைக்ரான், கீழ 45 இல்லன்னா 38. 1963ல ஜெர்டிமேனும் நிக்கல்சனும் எழுதின முறை, இன்னைக்கும் இதான் ஓடுது. குப்பை ரொம்ப இருந்தா சல்லடைல நின்னதை சக்கரை கரைசல்ல போட்டு சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்துங்க, ஆனா எடுத்த உடனே தண்ணில கழுவிடுங்க, சக்கரைல ஊறினா ஸ்போர் சுருங்கிடும்.

பெட்ரி டிஷ்ல ஊத்தி ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்ல பாருங்க. உருண்டையா இருக்கிறதெல்லாம் ஸ்போர் இல்ல, மணல், பூச்சி முட்டை எல்லாம் இருக்கும். சந்தேகமா இருந்தா ஊசி முனையால லேசா அழுத்துங்க, நல்ல ஸ்போர்னா பட்டுன்னு உடைஞ்சு உள்ள இருந்து எண்ணெய் சொட்டு மாதிரி வெளிய வரும். மங்கலா, ஓட்டை விழுந்து இருந்தா செத்தது, அதை எடுக்காதீங்க. கலரை இங்கயே குறிச்சு வைங்க, ஸ்லைடுல போட்டப்புறம் அது நம்பகமா இருக்காது.

அடுத்தது ஸ்லைடு. ஒரே ஸ்லைடுல ரெண்டு சொட்டு, ஒண்ணு வெறும் பிவிஎல்ஜி (ஸ்போரை ஸ்லைடுல நிலையா வைக்கிற பசை மாதிரி திரவம்), இன்னொண்ணு பிவிஎல்ஜியும் மெல்சர் கரைசலும் (அயோடின் கலந்த சாயம்) சரிபாதி. ரெண்டுலயும் சில ஸ்போர் போட்டு கவர் ஸ்லிப் வச்சு, சுவர் வெடிக்கிற வரைக்கும் மெதுவா அழுத்துங்க. வெடிச்சாதான் சுவர்ல எத்தனை அடுக்குன்னு தெரியும். மெல்சர்ல குளோரல் ஹைட்ரேட் இருக்கு, கிளவுஸ் இல்லாம தொடாதீங்க.

இப்பதான் மெயின் வேலை: ஸ்போர் எதுல ஒட்டிட்டு வளர்ந்துச்சுன்னு தேடணும். சாதாரண குழாய் மாதிரி இழை காம்பா இருந்தா குளோமஸ்ங்கிற ஜீனஸ் (பேரினம்) பக்கம் போங்க, அந்தக் காம்பு ஸ்போர் பக்கம் புனல் மாதிரி விரிஞ்சிருந்தா ஃபனெலிஃபார்மிஸ் மொஸ்ஸேயா இருக்க நல்ல வாய்ப்பு. காம்பு ஸ்போர்ல ஒட்டுற இடம் குமிழ் மாதிரி உப்பி, ஸ்போர் பெருசா இருந்தா ஜிகாஸ்போரா இல்லன்னா ஸ்கூட்டெல்லோஸ்போரா. ரெண்டையும் பிரிக்க ஸ்போரை உடைச்சுத்தான் ஆகணும், ஸ்கூட்டெல்லோஸ்போராவுக்கு உள்ள மெல்லிசா வளையுற தனி சுவரும் முளைக்கிற இடத்துல கேடயம் மாதிரி ஒரு தட்டும் இருக்கும், ஜிகாஸ்போராவுக்கு அது ரெண்டும் கிடையாது. (ஜிகாஸ்போரா ஜைஜான்டியா மட்டும் பச்சை கலந்த மஞ்சள்ல பளிச்சுன்னு நிக்கும், அங்க கலர் கொஞ்சம் கைகொடுக்கும்.)

காம்பே இல்லயா? ஸ்போரை உருட்டிப் பாருங்க, தொப்புள் மாதிரி ஒரே ஒரு வட்டத் தழும்பு இருந்தா அகாலோஸ்போரா. அது ஒரு பையோட கழுத்துல பக்கவாட்டுல வளரும், அப்புறம் பை உதிர்ந்துடும், அந்த தழும்புதான் மிச்சம். உடைச்சா மெல்சர் பக்கம் உள்சுவர் ஊதாவாகும், முதல் தடவை அதை பார்த்தப்ப நான் சீட்டுலருந்து எந்திரிச்சிட்டேன். இனத்துக்கு மேற்பரப்பை 100 லென்ஸ்ல எண்ணெய் விட்டு பாருங்க: வழவழப்பா இருந்தா லேவிஸா இருக்கலாம், ஊசியால குத்தின மாதிரி பொடி குழி இருந்தா ஸ்க்ரோபிகுலேட்டா, குழி அகலமா இருந்தா ஃபோவியேட்டா.

அளவு எடுக்கிறப்ப ரெண்டு ஸ்போரை அளந்துட்டு முடிச்சிடாதீங்க, ஒரு 50 ஆவது அளங்க. வயல் மண்ணு ஸ்போர் பாதி பழசா, வேற பூஞ்சை தின்னதா இருக்கும், அதனால அந்த மண்ணுல சோளம் போட்டு மூணு நாலு மாசம் தொட்டில வளர்த்து புது ஸ்போர் எடுத்து இன்வாம் (இந்த வகை பூஞ்சைகளை சேகரிச்சு வைக்கிற மையம்) தளத்து படங்களோட ஒப்பிடுங்க. அப்பவும் சந்தேகமா இருந்தா ஜீனஸ் பேரோட எஸ்பி (sp., இனம் எதுன்னு உறுதியா தெரியலன்னு அர்த்தம்)-ன்னு மட்டும் எழுதி ஸ்லைடை பத்திரமா வைங்க, மீதி ஸ்போரை டிஎன்ஏவுக்கு அனுப்பலாம்.